கார் விபத்தில் கால் எலும்பு முறிந்தால்: 108 வரும் வரையும், கட்டுப் போட்ட அன்று இரவும்

கார் மோதி நின்றதும், கைக்கு இருவர், காலுக்கு இருவர் என்று பிடித்துத் தூக்கி, அடிபட்டவரை ஆட்டோ பின்சீட்டில் மடக்கிப் போட்டுவிடுகிறார்கள். தோலுக்குள்ளேயே இருந்த எலும்பு முனை வெளியே குத்திக்கொண்டு வருவதும், பக்கத்து ரத்தக்குழாயைக் கிழிப்பதும் இப்படித் தூக்கும்போது நடக்கலாம். புகையோ தீயோ பெட்ரோல் வாடையோ இல்லையென்றால் ஆளை இருக்கையிலேயே விடுங்கள். வண்டியின் சாவியை அணைத்து, 108-க்கு அழைத்து, எத்தனை பேர், யாராவது உள்ளே சிக்கியிருக்கிறார்களா என்று சொல்லுங்கள். நெடுஞ்சாலை என்றால் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒருவர் பின்னாலிருந்து தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். மூச்சுத் திணறலும் கொட்டும் ரத்தமும்தான் முதல் கவனம், எலும்பு அதற்கப்புறம்.

முன்சீட்டில் இருந்தவரின் முழங்கால் டேஷ்போர்டில் இடித்திருந்தால் முழங்காலோடு நின்றுவிடாதீர்கள். அதே அடி தொடை எலும்பு வழியாக இடுப்பு மூட்டு வரை போகும். கால் மடங்கி, குட்டையாகி, உள்பக்கம் திரும்பிக் கிடந்தால் மூட்டு பின்பக்கமாக விலகியிருக்கலாம். நீட்டிப் பார்க்கவே கூடாது, கிடக்கிற நிலையிலேயே தலையணையால் அண்டை கொடுங்கள். மூட்டை 6 மணி நேரத்துக்குள் பழைய இடத்தில் உட்காரவைக்காவிட்டால் தொடை எலும்பின் பந்து போன்ற முனைக்கு ரத்த ஓட்டம் கெட்டுப்போகும் அபாயம் கூடும். அதனால் மருத்துவமனையில் "முட்டி டேஷ்போர்டில் இடித்தது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் விட்டு, முட்டிக்கு மட்டும் எக்ஸ்ரே எடுத்து இடுப்பைத் தவறவிடுவது உண்டு.

தொடை எலும்பு முறிந்தால் வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாமலே 1 முதல் 1.5 லிட்டர் தொடைக்குள் இறங்கிவிடும். 60 கிலோ ஆளின் உடம்பில் இருப்பதே 4 லிட்டர் சொச்சம்தான். முகம் வெளிறி, குளிர்ந்த வியர்வையோடு நாடி வேகமாக ஓடினால், காயம் தெரியவில்லையே என்று அசட்டையாக இருக்காதீர்கள். தண்ணீர், சோடா, டீ எதுவும் வேண்டாம். அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும்.

கணுக்காலுக்கும் முட்டிக்கும் நடுவே முன்பக்க எலும்புக்கு மேல் தோல் மட்டும்தான், அதனால் அங்கே எலும்பு எளிதில் வெளியே வந்துவிடும். பேண்ட்டைத் தையல் ஓரமாகக் கத்தரியுங்கள், உருவ வேண்டாம். சுத்தமான துணியால் மூடி, காயத்தைச் சுற்றி அழுத்துங்கள். எலும்பை உள்ளே தள்ளாதீர்கள். காப்பித்தூள், மஞ்சள் எதையும் அப்பாதீர்கள், ஆபரேஷன் தியேட்டரில் அதைக் கழுவி எடுப்பதே தனி வேலையாகிவிடும்.

முழங்காலுக்குக் கீழே முறிந்து, ஆம்புலன்ஸ் வரத் தாமதமானால் மட்டும் சிம்பு (கால் அசையாமல் தாங்கும் பட்டை) கட்டுங்கள். அதற்கு முன், வீங்குவதற்குள் மெட்டியையும் கொலுசையும் கழற்றிவிட வேண்டும், விட்டால் பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கெட்டியான அட்டைப்பெட்டியில் இரண்டு பட்டை, நடுத்தொடையிலிருந்து குதிகால் தாண்டும் நீளத்துக்கு வெட்டி, உள்ளே துண்டு மடித்து வையுங்கள். துப்பட்டாவை நான்கு விரல் அகலத்துக்கு மடித்துத் தொடை, முட்டிக்குக் கீழ், கணுக்காலுக்கு மேல், பாதம் என்று கட்டுங்கள். முறிந்த இடத்தின் மீதே கட்டு விழக்கூடாது, முடிச்சு வெளிப்பக்கம் இருக்கட்டும். கட்டுக்கு அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும். கட்டுவதற்கு முன்னும் பின்னும் பெருவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். 2 விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பாவிட்டாலோ விரல் மரத்தாலோ கட்டைத் தளர்த்துங்கள்.

எலும்பு வெளியே தெரிந்த காயத்துக்கு டிடி ஊசியோடு (டெட்டனஸ் தடுப்பூசி) ஆன்டிபயாடிக்கும் மருத்துவமனைக்கு வந்தவுடனே, முடிந்தால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். எக்ஸ்ரேயில் முறிவுக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் தெரிய வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது மாவுக்கட்டு போட்ட அன்று இரவில். "வலி இருக்கத்தானே செய்யும்" என்று விடியும்வரை காத்திருப்பார்கள். மாத்திரைக்கு அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போவது, கெண்டைக்கால் கல் மாதிரி இறுகுவது, கால்விரலை நாம் நீட்டிவிட்டாலே அலறுவது: இவை தசைக்குள் அழுத்தம் ஏறியதற்கான அடையாளம். நாடி நன்றாகத் துடிக்கலாம், அதை நம்பாதீர்கள். சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். உடனே போய்க் கட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் தசையின் உறையைக் கீறிவிடுவார்கள். வீங்கிய புதுக் காலில் மூங்கில் சிம்பு வைத்து இறுக்கும் நாட்டுக் கட்டும் இதே ஆபத்தைத்தான் கொண்டுவரும், எண்ணெய் போட்டு நீவுவது அதைவிட மோசம்.

தொடை எலும்பு முறிந்தவருக்கு ஒன்று முதல் மூன்று நாளுக்குள் மூச்சிரைப்பு, பேச்சில் தடுமாற்றம், மார்பிலும் அக்குளிலும் சிறு சிவப்புப் புள்ளிகள் வந்தால், எலும்பு மஜ்ஜையின் கொழுப்பு ரத்தத்தில் கலந்திருக்கலாம். வார்டு நர்ஸிடம் அந்த நிமிடமே சொல்லுங்கள்.

செலவைப் பற்றி: தமிழ்நாட்டில் நடந்த விபத்துக்கு 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, திட்டத்தின் உச்சவரம்புத் தொகை வரை, பணம் கட்ட வேண்டாம். கொண்டுவந்து சேர்த்தவர் தன் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு. ஏஆர் காப்பியையும் (மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல்) முதல் எக்ஸ்ரேயையும் பத்திரப்படுத்துங்கள், இழப்பீட்டு வழக்கில் முதலில் கேட்பது அவற்றைத்தான்.