ஊருக்குப் போகுமுன்: குடல் தொற்றிலிருந்து காத்துக்கொள்ளும் வழிமுறை

சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ உறவினரைப் பார்க்கப் புறப்படுகிறவர்களில் பலர், சொந்த ஊர்தானே என்ற எண்ணத்தில் முன்னேற்பாடு எதுவும் செய்துகொள்வதில்லை. ஆனால் விடுதியில் தங்கும் சுற்றுலாப் பயணியைவிட இவர்களுக்கே டைஃபாய்டு வரும் வாய்ப்பு அதிகம். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் பழைய எதிர்ப்பாற்றலை நம்பியிருக்க முடியாது.

முதல் படி, தடுப்பூசி. குடும்ப மருத்துவரை ஒரு மாதம் முன்பே பாருங்கள். டைஃபாய்டு ஊசியைப் பயணத்துக்குக் குறைந்தது 2 வாரங்களுக்கு முன் போட்டுக்கொள்ள வேண்டும். அதன் வலு சில ஆண்டுகளில் குறைந்துவிடும் என்பதால், எப்போதோ போட்டது போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

இரண்டாவதாக, ஓஆர்எஸ் (வயிற்றுப்போக்கில் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் கரைசல் பொடி) பொட்டலங்களையும் காய்ச்சல்மானியையும் பையில் வையுங்கள்.

மூன்றாவது படிதான் முக்கியமானது. பயணிகளின் வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை, கேம்பிலோபேக்டர், ஷிகெல்லா, டைஃபாய்டு அல்லாத சால்மொனெல்லா ஆகிய கிருமிகளுக்கு டைஃபாய்டு ஊசி தடையாகாது. உணவிலும் தண்ணீரிலும் காட்டும் கவனமே காவல். கல்லிலிருந்து எடுத்து ஆவி பறக்கப் பரிமாறும் தோசையால் பயமில்லை. பக்கத்தில் ஊற்றும் தேங்காய்ச் சட்னியை எந்தத் தண்ணீர் விட்டு அரைத்தார்கள், அரைத்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதே கேள்வி. உறைவதால் கிருமிகள் செத்துவிடுவதில்லை. ஆகவே கரும்புச்சாற்றில் போடும் ஐஸையும் தவிர்க்க வேண்டும். உறவினர் வீட்டில் தண்ணீர் வேண்டாமென்றால் மனம் வருந்துவார்களே என்று தயங்குகிறவர்கள், "அத்தை, எனக்குக் கொதிக்க வச்சு ஆறின தண்ணி கொடுங்க" என்று உரிமையோடு கேட்கலாம். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். வெதுவெதுப்பாகச் சூடாக்கியது போதாது. சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கைகழுவுவதையும் விட்டுவிடாதீர்கள்.

அப்படியும் வயிற்றுப்போக்கு வந்தால் உடனே ஓஆர்எஸ் குடிக்கத் தொடங்குங்கள். பொட்டலம் இல்லையென்றால், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம். காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ இருந்தால், லோபரமைடு மாத்திரையால் போக்கை அடக்க முயலாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். ஆன்டிபயாட்டிக்கைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். தெற்காசியாவில் பரவும் டைஃபாய்டுக் கிருமிகள் பலவற்றிடம் சிப்ரோஃபிளாக்சசின் இப்போது எடுபடுவதில்லை.

கடைசிப் படி திரும்பிய பிறகு. டைஃபாய்டு வெளிப்பட ஒன்று முதல் மூன்று வாரங்கள்கூட ஆகலாம் என்பதால், அந்நாட்களில் காய்ச்சல் விடாமல் அடித்தால், எந்த ஊருக்குப் போய் வந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லி, இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். அவர் சரியென்று சொல்லும்வரை வீட்டில் மற்றவர்களுக்குச் சமைக்க வேண்டாம்.