கண்மாயில் வாழைத் தெப்பம்: போகும்போது கழி, திரும்பும்போது பாய்

ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்து, மார்கழியில் வாடைக்காற்று வீசத் தொடங்கும் சமயம்தான் இதற்குத் தோது. வாழைத் தெப்பம் தட்டையாக மிதப்பது. பாய் கட்டினால் காற்று போகும் பக்கமே போகும், எதிர்த்து ஏறாது. ஆகவே காற்று வடகிழக்கிலிருந்து வந்தால் தென்மேற்குக் கரையில் இறங்குங்கள். காலையில் காற்று அடங்கியிருக்கும்போதே கழி ஊன்றி அக்கரை போய்விட வேண்டும். பத்து, பதினோரு மணிக்கு மேல் காற்று எழும்பியதும் பாய் விரித்துத் திரும்பலாம்.

முதலில் மடை திறந்து மூடும் ஊர் நீர்பாய்ச்சியைப் பாருங்கள். “அண்ணே, இன்னைக்கு எந்த மடை திறந்திருக்கு?” என்று கேட்காமல் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. மதுரைக்குப் பக்கத்துச் சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் நெல்லுக்குப் பாய்ச்சும் காலம் இது. திறந்த மடை ஆளையே உள்ளே இழுத்துவிடும். காற்று தள்ளும் பக்கம் திறந்த மடையோ, நிறைந்த தண்ணீர் வழிந்து போகும் மறுகாலோ இருந்தால் அன்று பாய் வேண்டாம். கரம்பை மண் அள்ளிய பள்ளங்கள் எங்கே என்பதும் அவருக்குத்தான் தெரியும். இடுப்பளவுத் தண்ணீர் ஓர் எட்டில் ஆள் மட்டத்துக்கு மேல் போய்விடும். மீன் குத்தகைக்காரரிடம் வலை கட்டிய இடத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

குலை வெட்டிய வாழை பத்து வேண்டும். மொந்தன் கிடைத்தால் நல்லது, அடி பெருத்திருக்கும். எட்டடி நீளத்துக்கு நறுக்கி, ஒன்றின் அடியும் அடுத்ததன் நுனியும் பக்கத்தில் வருமாறு மாற்றி மாற்றி அடுக்குங்கள். எல்லா அடியும் ஒரே பக்கம் வந்தால் தெப்பம் ஒரு முனையில் தூக்கிக்கொண்டு நிற்கும். கட்டைவிரல் கனமுள்ள ஏழடி மூங்கில் குச்சி மூன்றைச் சாய்வாகக் கூர் சீவி, இரு முனையிலிருந்தும் இரண்டடி தள்ளி ஒவ்வொன்றும், நடுவில் ஒன்றுமாகக் குறுக்கே அடித்து இறக்குங்கள். மேலே தேங்காய்நார்க் கயிற்றால் வரிந்து கட்டவும். வாழைப்பாலில் நைலான் வழுக்கும். கட்டி அரைமணி நேரம் கழித்து அழுத்திப் பார்த்தால் கயிறு தொளதொளவென்று இருக்கும். மட்டை அமுங்கியதுதான் காரணம். அவிழ்த்து மறுபடி இறுக்குங்கள். பாதி வழியில் தெப்பம் பிரிவதெல்லாம் இப்படி இரண்டாவது முறை இறுக்குவதைச் சோம்பலில் விட்டதால்தான். கறை போகாது, பழைய துணி உடுத்திக்கொள்ளுங்கள்.

பாய்க்கு நாலு முழ வேட்டி போதும். ஆறடி மூங்கிலை முன்பக்கம் மூன்றில் ஒரு பங்கு தள்ளி நட்டு, முன்னால் ஒன்று, பின்னால் இருபுறமும் ஒவ்வொன்று என மூன்று கயிற்றால் இழுத்துக் கட்டவும். உச்சியில் ஏழடிக் குறுக்குக் குச்சி, அதில் வேட்டியை அகலவாட்டில் தொங்கவிடுங்கள். கீழ் முனைக் கயிறு இரண்டையும் கையில்தான் பிடிக்க வேண்டும், எங்கேயும் முடிச்சுப் போடக் கூடாது. திடீரென்று காற்று அறைந்தால் விட்டுவிடலாம். கட்டியிருந்தால் தெப்பமே கவிழும். திசை திருப்ப, கருக்குச் சீவிய பனைமட்டை ஒன்று பின்னால் போதும்.

முழங்கால் தண்ணீரில் இருவர் ஏறிப் பாருங்கள். தண்டின் மேல் தண்ணீர் ஏறினால் ஒருவர் இறங்கிவிட வேண்டும். இருவருமே நீந்தத் தெரிந்த பெரியவர்களாக, மிதவை உடுப்பு மாட்டியவர்களாக இருக்க வேண்டும்.

பன்னிரண்டடிக் கழி எட்டாத ஆழத்துக்குப் போகாதீர்கள். கழி சேற்றில் மாட்டுவது அன்றாடம் நடப்பது. இழுக்கும்போது தெப்பம் நகர்ந்துவிடும், ஆள் கழியோடு தொங்குவார். திருகிப் பாருங்கள், வராவிட்டால் கழியை விட்டுவிட்டுப் பனைமட்டையால் துழாவித் திரும்பி வந்து எடுங்கள். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களை விட்டு விலகியே போங்கள்: முள் ஒரு பக்கம், கூடு கட்டிய பறவைகள் ஒரு பக்கம்.

அக்கரையில் பாய் விரிக்கும் நேரம் வரும்வரை சும்மா உட்கார்ந்திருப்பதே சுகம். முக்குளிப்பான் ஒன்று சுருக்கென்று மூழ்கும். வட்டம் விரிந்து அடங்கிய பிறகு எதிர்பாராத இடத்தில் தலை தூக்கும். தூக்குவாளியைப் பாய்மரத்தோடு கட்டியிருந்தால் புளிச்சோறு நனையாமல் இருக்கும். தையில் அவித்த பனங்கிழங்கும் சேர்த்துக்கொள்ளலாம்.

சில நாள் காற்றே எழும்பாது. அதற்காக நீளக் கயிறு ஒன்றை முன்னால் சுருட்டி வைத்திருங்கள். தைத் தெப்பத் திருவிழாவில் மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தில் வடம் பிடிப்பதுபோல, ஒருவர் கரையோரம் நடந்து இழுக்க, மற்றவர் கழியால் கரையில் முட்டாமல் தள்ளிக்கொண்டே வரலாம்.

இரண்டு மூன்று நாளில் தண்டு ஊறி அழுகத் தொடங்கும், மறுபடி ஏறக் கூடாது. ஆகவே தெப்பம் விட்ட அன்று மாலையே கரையேற்றிப் பிரித்துவிடுங்கள். மிதக்க விட்டால் அது போய் மடைவாயில் அடைக்கும், நீர்பாய்ச்சிதான் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி எடுக்க வேண்டியிருக்கும்.