நெல் காயும் ரோட்டில் பைக் ஓட்ட

டெல்டாவில் அறுவடைக் காலம் வந்தால் தார் ரோடுதான் களம். குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில். சம்பா, தாளடி தை, மாசியில். பங்குனிக்கு மேல் உளுந்தும் பயறும். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் தினமும் வேலைக்குப் போய் வருபவர் மாதத்தைப் பார்த்தே டயருக்கு அடியில் என்ன வரும் என்று சொல்லிவிடலாம்.

காயும் நெல்லின் மேல் ஏறித்தான் ஆக வேண்டுமென்றால், ஏறுவதற்கு முன்பே வேகத்தை 20க்குக் குறைத்து இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். ஏறிய பிறகு பிரேக்கும் வேண்டாம், ஹேண்டிலைத் திருப்பவும் வேண்டாம். ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் வைத்து நேராகப் போங்கள். டயருக்கும் தாருக்கும் நடுவே மணி உருளும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டி சாய்ந்துவிடும். 2019க்குப் பின் வந்த 125 சிசி வரையிலான வண்டிகள் பெரும்பாலானவற்றில் கம்பைன்டு பிரேக் இருக்கிறது. அதில் பின் பிரேக்கை மிதித்தாலும் முன் பிரேக் கொஞ்சம் பிடிக்கும். ‘பின் பிரேக்தானே’ என்று மிதிக்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

உளுந்துச் செடி இன்னும் மோசம். வண்டி ஏறிக் காய் உடையட்டும் என்றே செடியோடு பரப்பியிருப்பார்கள். அது பின் சக்கர அச்சிலும் செயினிலும் சுற்றிக்கொள்ளும். தாண்டியதும் ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்த பிறகே கையால் எடுங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு இன்ஜினை ஓடவிட்டுச் செயினில் கை வைத்தால் விரல் போய்விடும்.

ராத்திரியில் நெல்லைக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, சுற்றிலும் கல் வைத்திருப்பார்கள். கறுப்புத் தார்ப்பாய் கிட்டப் போகும்வரை தெரியாது. நெல்லை அள்ளிய பிறகும் சில கற்கள் அங்கேயே கிடக்கும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறது. 40 என்றால் 11 மீட்டர். கண் பார்த்து கை பிரேக்குக்குப் போகவே ஒரு நொடி ஆகும். உங்கள் லைட் எவ்வளவு தூரம் காட்டுகிறதோ அதற்குள் நிற்க முடிகிற வேகத்தில் போங்கள்.

டிராக்டரும் அறுவடை மிஷினும் வயலிலிருந்து ஏறும் இடத்தில் களிமண் அப்பிக் கிடக்கும். காய்ந்திருந்தால் பயமில்லை. விடியற்காலைப் பனியிலோ முதல் தூறலிலோ அதுவே சோப்பு மாதிரி வழுக்கும். வாய்க்கால் கரை மண் ரோட்டில் இதே களி முன் மட்கார்டுக்கும் டயருக்கும் இடையில் அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும். ஹேண்டில் கனத்தால் இறங்கி ஒரு குச்சியால் குத்தி எடுத்துவிடுங்கள்.

மினி பஸ்ஸுக்கு வழிவிட்டு மண்ணில் இறங்கினால், திரும்ப ஏற அவசரப்படாதீர்கள். தார் விளிம்பையொட்டியே ஓட்டி ஏறப் பார்த்தால் முன் டயர் விளிம்பில் உரசிக் கவிழ்க்கும். வேகத்தை நன்றாகக் குறைத்து, விளிம்புக்குக் குறுக்காகத் திருப்பி ஏற்றுங்கள். மதகின் மேல் எதிரே வண்டி வந்தால் இந்தப் பக்கமே நின்றுவிடுங்கள்; பல மதகுகளுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது.

மார்கழிப் பனியில் ஹை பீம் போட்டால் வெள்ளைத் திரைதான் தெரியும். லோ பீம் போதும். கொள்முதல் நிலையம் நெருங்கும்போது ஓரத்தில் லைட் இல்லாமல் நிற்கும் நெல் லாரிகளை எதிர்பார்த்தே போங்கள். சாயங்காலம் வயலோரம் பூச்சி கண்ணில் அடிக்கும், ஆகவே ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஹெல்மெட்டுக்கு நிறமில்லாத வைசர். கீறல் விழுந்தால் மாற்றிவிடுங்கள், எதிர் லைட்டில் கண் கூசும். பட்டையை மாட்டாத ஹெல்மெட் விழும்போது கழன்று ஓடிவிடும்.

வாரம் ஒருமுறை வண்டி சூடாவதற்கு முன் காற்று பாருங்கள். அளவு செயின் கவர் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்குக் கூடுதல். வழுக்குமே என்று காற்றைக் குறைத்து ஓட்டுவது தப்பு, திருப்பத்தில் வண்டி ஆடும். பிரேக் லைட் எரிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

யாராவது விழுந்து கிடந்தால் ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்காமல் 108க்குக் கூப்பிடுங்கள். அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை; அந்தத் தொகைக்கு உச்சவரம்பு உண்டு.