மாருதி 800: இன்ஜினையும் கியர்பாக்ஸையும் வீட்டிலேயே இறக்குவது எப்படி?

மெக்கானிக் "இன்ஜினை இறக்கணும்" என்று சொன்னதும் பலருக்கு வயிறு கலங்கும். மாருதி 800 வைத்திருப்பவர்கள் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. 796 சிசி, மூன்று சிலிண்டர், குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கும் சின்ன இன்ஜின். கியர்பாக்ஸ் அதன் பக்கத்திலேயே சேர்ந்திருக்கிறது. இரண்டையும் பிரிக்காமல் ஒன்றாக மேலே தூக்கி எடுத்துவிடலாம். பேச்சுக்குத்தான் இறக்குவது என்கிறோம்.

நான் சொல்வது பழைய கார்ப்பரேட்டர் மாடலுக்கு. எம்பிஎஃப்ஐ (கார்ப்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டியில் சென்சார் வயர்கள் அதிகம், பெட்ரோல் லைனில் அழுத்தமும் இருக்கும். முதல் முயற்சியை அதில் வைத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்று, கிளட்ச் பிளேட் மட்டும் மாற்றுவதென்றால் இன்ஜினைத் தொடவே வேண்டாம். கியர்பாக்ஸை மட்டும் கீழ்வழியாக இறக்கினால் போதும்.

இடமும் சாமான்களும்

சமமான சிமென்ட் தரை வேண்டும். மண் தரையில் ஜாக்கி புதையும், ஸ்டாண்டு சாயும். தூக்குவதற்கு ஒரு டன் செயின் பிளாக்கும் (சங்கிலியை இழுத்துக் கனத்தைத் தூக்கும் கருவி), கனமான இரும்புக் குழாயில் செய்த முக்காலி ஸ்டாண்டும் வாடகைக்கு எடுங்கள். போர்டிகோ கூரையில் இருக்கும் ஊஞ்சல் கொக்கியில் மாட்டலாமே என்று தோன்றும். மாட்டாதீர்கள். அந்தக் கொக்கியை எப்படிப் பதித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. இரண்டு பேர் மூங்கிலில் கயிறு கட்டித் தோளில் தூக்குவதையும் பார்த்திருப்பீர்கள். ஒருவர் கால் வழுக்கினால் போதும், மற்றவர் முதுகு போய்விடும்.

ஸ்பேனரில் 10, 12, 14, 17 அளவுகள்தான் பெரும்பாலும் வேலை செய்யும். பாக்ஸ் ஸ்பேனர் வாங்கும்போது உள்ளே ஆறு பட்டை உள்ளதாகப் பாருங்கள், துருப்பிடித்த நட்டின் முனை மழுங்காது. அப்புறம் மாஸ்கிங் டேப், பேனா, நிறைய சின்ன டப்பாக்கள், போன் கேமரா. ஒவ்வொரு கனெக்டரைக் கழற்றுவதற்கு முன்னும் ஒரு படம் எடுங்கள். கழற்றிய இரண்டு முனைகளிலும் ஒரே எண் எழுதிய டேப் ஒட்டுங்கள். இதற்குச் செலவாகும் ஒரு மணி நேரம், திரும்ப மாட்டும்போது ஒரு நாளை மிச்சப்படுத்தும்.

முதல் நாள்: கழற்றல்

காலையில் வேலை என்றால் முந்தின இரவே சைலன்சர் பைப், இன்ஜினின் புகை வெளியேறும் மேனிஃபோல்டில் சேரும் இடத்து நட்டுகளுக்குத் துரு நீக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள். இந்த வண்டியில் ஆளை மிகவும் சோதிப்பவை அவைதான்.

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பேட்டரியில் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவில் ஸ்பேனர் போட்டிருக்கும்போது அது பாடியில் பட்டால் பெரிய தீப்பொறி வரும். நெகட்டிவ் ஏற்கெனவே கழன்றிருந்தால் அந்த ஆபத்து இல்லை. பிறகு பேட்டரியையே வெளியே எடுத்துவிடுங்கள். பானெட்டைக் கழற்ற இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். கீல் உட்காரும் இடத்தை மார்க்கரால் கோடிட்டு வையுங்கள், திரும்ப மாட்டும்போது இடைவெளி சரியாக வரும்.

கூலன்ட், இன்ஜின் ஆயில், கியர் ஆயில் மூன்றையும் வடியுங்கள். கூலன்ட்டைத் திறந்த பாத்திரத்தில் விடாதீர்கள். அது இனிக்கும், நாயோ குழந்தையோ வாய் வைத்தால் உயிருக்கே ஆபத்து. மூடி போட்ட கேனில் ஊற்றி உயரத்தில் வையுங்கள்.

ரேடியேட்டர், அதன் ஃபேன், ஏர் கிளீனர் எல்லாம் சுலபமாக வந்துவிடும். ஆக்சிலரேட்டர், சோக், கிளட்ச், ஸ்பீடோமீட்டர் கேபிள்கள், ஹீட்டர் ஹோஸ்கள், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் வயர்கள், ரிவர்ஸ் லைட் சுவிட்ச், கியர் ராடு என ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். பெட்ரோல் ஹோஸைக் கழற்றியதும் அதன் வாயில் சரியான அளவு போல்ட்டைச் செருகி கிளிப் போடுங்கள். பக்கத்தில் விளக்கு, பீடி எதுவும் கூடாது. பிளக் வயர்களைத் தொட வேண்டாம், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரோடு சேர்ந்தே வரும். இக்னிஷன் காயிலிலிருந்து வரும் ஒரு வயரையும் சின்ன வயரையும் கழற்றினால் போதும். ஏசி வண்டி என்றால் காஸ் பைப்பைத் திறக்காமல் கம்ப்ரசரை மட்டும் அவிழ்த்து ஓரமாகக் கட்டுங்கள்.

டிரைவ் ஷாஃப்ட்

கியர்பாக்ஸிலிருந்து முன் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டுதான் டிரைவ் ஷாஃப்ட், பக்கத்துக்கு ஒன்று. புதியவர்கள் தடுமாறும் இடம் இது. முன்பக்கத்தைத் தூக்கி, ஜாக்கியை நம்பாமல் இரண்டு ஸ்டாண்டுகளில் உட்கார வையுங்கள். பாடியை நன்றாக ஆட்டிப் பார்த்த பிறகே கீழே போங்கள். சக்கரத்தைக் கழற்றி, லோயர் ஆர்மின் பால் ஜாயின்ட் போல்ட்டை எடுத்து, ஆர்மைக் கீழே அழுத்தினால் ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) வெளியே நகர இடம் கிடைக்கும். நடுவிலிருக்கும் பெரிய ஆக்சில் நட்டைத் தொடாதீர்கள், வெளி முனை ஹப்பிலேயே இருக்கட்டும்.

உள் முனையை கியர்பாக்ஸுக்குள் ஒரு சின்ன வளையம் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஜாயின்ட்டுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டயர் லீவர் கொடுத்து ஒரே வெடுக்கென்று நெம்பினால் டக் என்று விடும். ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து இழுக்கக் கூடாது. அப்படி இழுத்தால் கியர்பாக்ஸில் மாட்டியது அப்படியே இருக்க, ரப்பர் உறைக்குள் இருக்கும் ஜாயின்ட் பிரிந்துவிடும். வெளியே வந்த முனையைக் கயிற்று வளையத்தில் தொங்கவிட்டு, கியர்பாக்ஸ் ஓட்டையைச் சுத்தமான துணியால் அடைத்து, பால் ஜாயின்ட்டையும் சக்கரத்தையும் திரும்ப மாட்டி வண்டியைத் தரையில் இறக்குங்கள். நாளைக்கு வண்டி உருள வேண்டும்.

இரண்டாம் நாள்: தூக்குதல்

முக்காலியின் மூன்று கால்களும் விரியாதபடி சங்கிலியால் சுற்றிக் கட்டுங்கள். செயினை இன்ஜினில் உள்ள தூக்கும் கொக்கிகளில் மாட்டி, மெதுவாக இழுத்து, எடை முழுக்கச் செயினுக்கு வந்ததும் நிறுத்துங்கள். அதற்குப் பிறகுதான் இன்ஜினைப் பாடியோடு பிடித்திருக்கும் மவுண்டிங் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். எடை சரியாக ஏறியிருந்தால் விரலாலேயே சுழன்று வரும். இறுகி நின்றால் செயினை ஒரு கண்ணி கூட்டியோ குறைத்தோ பாருங்கள், சுத்தியல் வேண்டாம்.

ஒரு அங்குலம் தூக்கி நிறுத்துங்கள். சுற்றி வந்து பாருங்கள். இன்னொரு அங்குலம், மறுபடி பாருங்கள். முதல் முறை நான் செய்தபோது ஒரு பக்கம் மட்டும் எழவே இல்லை. என்னவென்று பார்க்காமல் இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தேன், கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரின் முனை பிய்ந்து வந்தது. வயர் சின்னச் செலவுதான். அந்த இடத்தில் பெட்ரோல் பைப் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எங்காவது தடுத்தால் எதையோ கழற்ற மறந்திருக்கிறோம் என்று அர்த்தம்.

இன்ஜின் முன் கிரில்லைத் தாண்டி எழுந்ததும் ஒருவர் அதை ஆடாமல் பக்கவாட்டில் பிடிக்க, மற்றவர் வண்டியைப் பின்னால் தள்ளட்டும். கையோ காலோ இன்ஜினுக்குக் கீழே ஒரு நொடிகூடப் போகக் கூடாது. வண்டி நகர்ந்ததும் கீழே ஒரு பழைய டயரைப் போட்டு அதன்மேல் மெல்ல இறக்குங்கள்.

கியர்பாக்ஸைப் பிரிக்கும்போது ஸ்டார்ட்டரை முதலில் எடுத்து, சுற்றியுள்ள போல்ட்டுகளைக் கழற்றுங்கள். எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஒரு அட்டையில் கியர்பாக்ஸின் வடிவத்தை வரைந்து, எந்த இடத்துப் போல்ட்டோ அந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். கியர்பாக்ஸை நேராகப் பின்னால் இழுக்க வேண்டும். பாதியில் விட்டுவிட்டால் அதன் எடை முழுக்க ஷாஃப்ட் வழியாக கிளட்ச் பிளேட்டில் தொங்கி, பிளேட் கோணிவிடும். இழுத்து எடுத்ததும் இன்ஜினின் எல்லா வாய்களையும் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டிவிட்டு, டீசலும் பிரஷும் வைத்து வெளிப்பக்கத்து அழுக்கைக் கழுவுங்கள். ஆயில் எங்கிருந்து கசிந்தது என்பதை முதலில் ஒரு படம் எடுத்துவிட்டுக் கழுவுங்கள், கழுவிய பிறகு அது தெரியாது.