சின்ன மில்லிங் மெஷினை சிஎன்சி ஆக்குவது: முதலில் இரும்பு, பிறகு வயர்

மேசைமேல் வைக்கிற அளவுள்ள மில்லிங் மெஷினை சிஎன்சி (கணினியே அச்சுகளை நகர்த்தும் மெஷின்) ஆக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மோட்டாரும் டிரைவரும் வாங்குவதில்தான் தொடங்குகிறார்கள். அந்தப் பகுதி இரண்டு மூன்று நாள் வேலை. ஸ்க்ரூ எப்படி உட்கார்ந்திருக்கிறது, பேரிங் எவ்வளவு அசைகிறது, ஜிப் (நகரும் பாகத்தின் இடைவெளியை இறுக்கும் பட்டை) எப்படி இறுக்கப்பட்டிருக்கிறது, இவைதான் வெட்டும் பொருளின் அளவைத் தீர்மானிக்கும். ஹேண்டிலைச் சுற்றும் கை, ஸ்க்ரூவில் உள்ள தொய்வை உணர்ந்து தானே சரிசெய்துகொள்ளும். கணினிக்கு அந்தக் கை கிடையாது.

மெஷினைப் பிரிப்பதற்கு முன்பே மோட்டார் மவுண்ட், நட் பிராக்கெட், பேரிங் தகடு எல்லாவற்றையும் அதே மெஷினில் வெட்டி முடித்துவிடுங்கள். பிரித்துப் போட்ட பிறகு ஒரு துளை 1 மி.மீ. தள்ளி விழுந்திருப்பது தெரிந்தால், அதைச் சரிசெய்ய மெஷினே இருக்காது.

ஸ்க்ரூவும் நட்டும்

பழைய லீட் ஸ்க்ரூவிலேயே மோட்டாரை மாட்டலாம், ஓடும். ஆனால் பித்தளை நட்டில் 0.1 முதல் 0.2 மி.மீ. வரை பேக்லாஷ் (திசை மாறும்போது வெளிப்படும் தொய்வு) இருப்பது சாதாரணம். வட்டம் வெட்டினால் அச்சு திசை மாறும் நான்கு இடங்களிலும் படி விழும். கிளைம்ப் மில்லிங் (கட்டரின் பற்கள் வெட்டும் திசையிலேயே டேபிள் நகரும் முறை) செய்தால் கட்டர் டேபிளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு உடையும். மென்பொருளில் பேக்லாஷ் ஈடு கொடுக்கலாமே என்று தோன்றும். மெஷினை ஓட்டும் மென்பொருள்களில் லினக்ஸ்சிஎன்சியில் அந்த வசதி உண்டு, ஜிஆர்பிஎல்லில் கிடையாது. இருந்தாலும் அது நட் நிற்கும் இடத்தைத்தான் திருத்துமே தவிர, கட்டர் டேபிளை இழுப்பதைத் தடுக்காது.

அதனால் பால் ஸ்க்ரூ (நட்டுக்குள் குண்டுகள் உருளும் வகை). எக்ஸ் (இடவலம்) அச்சுக்கும் இசட் (மேல்கீழ்) அச்சுக்கும் எஸ்எஃப்யூ1605 (16 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு 5 மி.மீ.) போதும். ஒய் (முன்பின்) அச்சில்தான் சிக்கல். 1605 நட்டின் உடல் 28 மி.மீ., ஃபிளாஞ்ச் 48 மி.மீ. டேபிளைத் தாங்கும் சேடிலுக்கும் பேஸுக்கும் இடையே அவ்வளவு இடம் பல சின்ன மெஷின்களில் இல்லை. ஒன்று, ஃபிளாஞ்சின் பக்கங்களைத் தேய்த்துச் சேடிலின் அடியிலும் கொஞ்சம் குடைய வேண்டும். இல்லையென்றால் அங்கே மட்டும் எஸ்எஃப்யூ1204 (12 மி.மீ. விட்டம், சுற்றுக்கு 4 மி.மீ.) போட வேண்டும். வார்ப்பிரும்பைக் குடைவதற்கு முன் சுவரின் தடிமனை அளந்துவிடுங்கள். ஸ்க்ரூ ஆர்டர் செய்யும் முன் அட்டையில் நட்டின் வடிவத்தை வெட்டி உள்ளே வைத்துப் பார்ப்பது பைத்தியக்காரத்தனம் போலத் தெரிந்தாலும் பல நாள் தலைவலியை மிச்சப்படுத்தும்.

நட்டை ஸ்க்ரூவிலிருந்து வெறுமனே கழற்றாதீர்கள், குண்டுகள் கொட்டிவிடும். ஸ்க்ரூ மரையின் அடிவிட்டத்துக்குச் சமமான குழாய் ஒன்றை முனையில் ஒட்டவைத்து, நட்டை அதன்மேல் உருட்டி எடுக்க வேண்டும்.

பேரிங்

டேபிளைத் தள்ளும் விசை முழுவதையும் மோட்டார் பக்கத்துப் பேரிங்தான் தாங்குகிறது. சாதாரண டீப் குரூவ் பேரிங் ஒன்றை மட்டும் போட்டால் அச்சுத்திசையில் அசையும், பால் ஸ்க்ரூவுக்குக் கொடுத்த காசு வீண். இரண்டு ஆங்குலர் கான்டாக்ட் பேரிங்கை (அச்சுத்திசை விசையையும் தாங்கும் வகை) எதிரெதிராக வைத்து, லாக் நட்டால் அசைவு போகும்வரை இறுக்குங்கள். ஸ்க்ரூவைக் கையால் சுற்றினால் லேசான, சீரான எதிர்ப்பு தெரிய வேண்டும். திக்கித் திக்கிச் சுற்றினால் இறுக்கம் அதிகம். மறுமுனையை அச்சுத்திசையில் சுதந்திரமாக விடுங்கள், இரண்டு முனையையும் பூட்டினால் ஸ்க்ரூ சூடாகி நீளும்போது வளையும். ஓட்டம் குறைவான ஒய் அச்சுக்கு மறுமுனைப் பேரிங்கே தேவையில்லை.

நேர்கோட்டில் பொருத்துவதற்கு ஒரு வரிசை உண்டு. நட்டை பிராக்கெட்டில் இறுக்கி, பேரிங் பிளாக்கின் போல்ட்டுகளைத் தளர்வாக விடுங்கள். டேபிளைப் பேரிங் பக்கக் கடைசிக்குக் கொண்டுவந்தால் பிளாக் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். அங்கேயே இறுக்குங்கள். பிறகு மறுமுனைவரை கையால் ஓட்டுங்கள். முழு நீளத்திலும் ஒரே எடை தெரிந்தால் 4 மி.மீ. டவல் பின் (இடம் நழுவாமல் பிடிக்கும் ஆணி) அடித்து இடத்தை நிலைப்படுத்தலாம்.

மோட்டாருக்கும் ஸ்க்ரூவுக்கும் இடையே சுருள் வெட்டிய அலுமினிய கப்ளிங் வேண்டாம், சுமை ஏறும்போது ஸ்பிரிங் மாதிரி முறுக்கிக்கொள்ளும். இறுக்கமாகப் பொருந்தும் ஜா கப்ளிங்கோ தகடு வைத்த கப்ளிங்கோ நல்லது.

இசட் அச்சைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய ஸ்க்ரூ தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும், பால் ஸ்க்ரூ பிடிக்காது. மின்சாரம் நின்றால் ஹெட் தானே இறங்கி கட்டரை வேலைப்பொருளில் குத்தும். ஹெட்டின் எடையைத் தாங்கும் காஸ் ஸ்பிரிங் போடுங்கள், இல்லையெனில் பிரேக் உள்ள மோட்டார் வாங்குங்கள்.

மோட்டாரும் டிரைவரும்

நெமா 23 அளவு ஸ்டெப்பர் (படிப்படியாகச் சுற்றும் மோட்டார்) போதும். எக்ஸ், ஒய் அச்சுகளுக்கு 1.9 நியூட்டன் மீட்டர், இசட்டுக்கு 3. 5 மி.மீ. ஸ்க்ரூவில் 1 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையே சுமார் 1100 நியூட்டன் தள்ளுவிசை தரும். பெரிய மோட்டார் எப்போதும் நல்லது என்பது தவறான கணக்கு. இண்டக்டன்ஸ் அதிகமுள்ள மோட்டார் வேகம் ஏறும்போது விசை இழக்கும். இண்டக்டன்ஸின் மில்லிஹென்றி எண்ணின் வர்க்கமூலத்தை 32 ஆல் பெருக்கினால் அந்த மோட்டாருக்கு ஏற்ற உச்ச வோல்டேஜ் கிடைக்கும்; 2.5 மில்லிஹென்றிக்கு ஏறக்குறைய 50 வோல்ட்.

டிஎம்542 டிரைவரின் உச்சவரம்பும் 50 வோல்ட்தான். அதற்கு 48 வோல்ட் கொடுக்காதீர்கள். மோட்டார் சட்டென்று நிற்கும்போது ஜெனரேட்டராக மாறி வோல்டேஜை ஏற்றும், டிரைவர் போகும். 36 வோல்ட், 10 ஆம்பியர் சப்ளை ஒன்று மூன்று அச்சுக்கும் போதும். டிரைவரில் மின்சாரம் இருக்கும்போது மோட்டார் வயரைப் பிடுங்கக் கூடாது, டிரைவர் சாகும் வழிகளில் இதுவே மிகச் சாதாரணமானது.

மோட்டார் கேபிள் ஷீல்டு உள்ளதாக இருக்கட்டும். ஷீல்டை கண்ட்ரோல் பெட்டிப் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். எமர்ஜென்சி ஸ்டாப் சாதாரண நிலையில் மூடியிருக்கும் வகையாக இருந்து, டிரைவர் சப்ளையையும் ஸ்பிண்டிலையும் நேரடியாகத் துண்டிக்க வேண்டும். மென்பொருளை நம்பி விடக் கூடாது.

ஸ்பிண்டில் வேகத்தையும் கணினியிடம் கொடுக்க ஆசை வரும். டிசி மோட்டார் உள்ள சின்ன மெஷின்களில் வேகக் கட்டுப்பாட்டுப் போர்டு பெரும்பாலும் மெயின்ஸிலிருந்து பிரிக்கப்படாதது. வேகம் மாற்றும் பொட்டென்ஷியோமீட்டர் முனையிலேயே மெயின்ஸ் வோல்டேஜ் இருக்கலாம். ஆப்டோ (ஒளி வழியே சிக்னல் கடத்தும் பாகம்) மூலம் பிரிக்கப்பட்ட இன்டர்ஃபேஸ் இல்லாமல் அங்கே ஆர்டுயினோவை இணைத்தால் போர்டும் போகும், ஆளுக்கும் ஆபத்து.

அளவுகள்

ஆர்டுயினோ உனோவில் ஜிஆர்பிஎல் 1.1 தொடக்கத்துக்குப் போதும். டிரைவரில் சுற்றுக்கு 1600 பல்ஸ் வைத்தால், 1600 ÷ 5 = மி.மீ.க்கு 320 ஸ்டெப். ஜிஆர்பிஎல்லின் $ அமைப்புகளில் $100 முதல் $102 வரை அந்த எண்ணைப் போடுங்கள் (1204 ஸ்க்ரூ உள்ள அச்சுக்கு 400). $110 முதல் $112 வரை (உச்ச வேகம்) 1500, $120 முதல் $122 வரை (முடுக்கம்) 100 என்று தொடங்கி, பிறகு மெதுவாக ஏற்றலாம். $1=255 மறக்காதீர்கள்; இல்லையென்றால் நின்ற சிறிது நேரத்தில் மோட்டார் தளர்ந்து இடம் நழுவும். 30 மி.மீ. நகர்த்தி அளந்துவிட்டு 320ஐ 320.7 என்று திருத்தும் பழக்கம் வேண்டாம். அவ்வளவு குறுகிய தூரத்தில் தெரிவது பெரும்பாலும் அளவீட்டுப் பிழையும் பேக்லாஷும்தான்.

சோதனை

டயல் இண்டிகேட்டரை டேபிளில் வைத்து, ஒரே திசையில் வந்து முள்ளைச் சுழியில் நிறுத்துங்கள். பிறகு எதிர்த்திசையில் 0.01 மி.மீ. படியாக நகர்த்துங்கள். முள் அசையும்வரை போன தூரம்தான் பேக்லாஷ். 0.03க்குள் இருந்தால் நிம்மதி. அதிகமென்றால் எங்கே என்று கண்டுபிடிக்க: ஸ்க்ரூவின் முனையில் உள்ள சென்டர் துளையில் கிரீஸ் தடவி ஒரு இரும்புக் குண்டை ஒட்டி, இண்டிகேட்டரை அதன்மேல் வையுங்கள். டேபிளைக் கையால் தள்ளி இழுக்கும்போது முள் ஆடினால் குற்றம் பேரிங்கில். முள் நிற்க, டேபிள் மட்டும் ஆடினால் நட்டிலோ பிராக்கெட்டிலோ.

அடுத்து, 50 மி.மீ. போய் வருவதை நூறு முறை ஓட்டுங்கள். சுழி ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தால் மோட்டாரின் பலத்தில் குறையில்லை. ஸ்டெப் பல்ஸின் எந்த விளிம்பில் டிரைவர் நகர்கிறது என்பது தலைகீழாக இருக்கிறது, திசை மாறும்போது ஸ்டெப் தப்புகிறது. $2ஐ மாற்றிப் பாருங்கள். நகர்வு திடீரென்று, பெரிய அளவில் வந்தால் முடுக்கம் அதிகம், இல்லையேல் ஜிப் ஏதோ ஒரு இடத்தில் பிடிக்கிறது. ஜிப்பை இறுக்கிவிட்டு ஓட்டத்தின் இரண்டு கடைசியிலும் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்த நூறு சுற்றையும் மறுபடி ஓட்டுங்கள்.