இந்தக் காயம் யாருடைய கத்தி?

எங்கள் பாட்டி மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டியவர். பட்டையில் காயம் ஆழமாய் இறங்கியிருந்தால், இது யார் கை என்று தோட்டத்து மேற்பார்வையாளரான தண்டல் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். நான் லேப்டாப்பில் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். புற்றுக்கட்டியின் டிஎன்ஏவில் விழுந்த திரிபுகளை, அதாவது எழுத்து மாற்றங்களைப் பார்த்து, வெட்டியது வெயிலா, சிகரெட்டா, வெறும் வயதா என்று தேடுவது.

டிசிஜிஏ என்ற அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத் திட்டத்தின் மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) கோப்பு, ஜிடிசி என்ற தரவுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இறக்கியவுடன் எதையும் ஓட்டாதீர்கள். முதலில், திரிபுகளின் இடத்தைக் குறிக்க எடுத்த மனித மரபணுத்தொகுதி வரைபடம் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். டிசிஜிஏ திரிபுகளைத் தொகுத்த எம்சி3 கோப்பு 37ஆம் பதிப்பு, ஜிடிசியின் புதிய கோப்பு 38. இரண்டையும் ஒன்றாகக் கொட்டி இரண்டு வாரம் வீணடித்தவன் நான்.

எந்தப் பதிப்பு என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. மெலனோமாவில் அடிக்கடி வரும், பிராஃப் என்ற மரபணுவின் வி600இ திரிபைத் தேடுங்கள். அதன் இடம் ஏழாம் குரோமோசோமில் 140453136 என்றிருந்தால் 37. 140753336 என்றிருந்தால் 38.

அந்த வரியிலேயே நில்லுங்கள். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளான ஏ, சி, ஜி, டியில் ஏ என்ற எழுத்து டி ஆகியிருக்கும். இருபுறமும் சி, ஆக சிஏசி. நம் கணக்கில் நடு எழுத்து சி அல்லது டியாக இருக்க வேண்டும். அதனால் டிஎன்ஏவின் எதிர் இழைக்குத் திருப்புங்கள் (அங்கே ஏவுக்கு எதிரே டி, சிக்கு எதிரே ஜி): ஜிடிஜி, நடுவில் டி, ஏ ஆகிறது. அந்த வகைக்குரிய பெட்டியில் ஒன்று கூட்டுங்கள். மாற்றம் 6 வகை, பக்கத்து எழுத்துகள் 16 விதம், மொத்தம் 96 பெட்டி. அட்டவணையில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நெடுவரிசை.

கையால் எண்ண வேண்டாம், பைத்தான் நிரல்மொழியில் சிக்புரொஃபைலர் என்ற கருவி எண்ணிக் கொடுக்கும். ஆனால் பத்து வரியாவது கையால் எண்ணிப் பாருங்கள், அப்போதுதான் புரியும்.

அப்புறம் அந்த அட்டவணையை, சில அடிப்படை வடிவங்களாக உடைக்கும் என்எம்எஃப் என்ற கணித முறையில் பிரிக்க வேண்டும். இதை ராத்திரியில் ஓட விடுங்கள். இடிமழை வந்தால் இங்கே கரண்ட் போகும், சார்ஜரை மட்டும் நம்பாதீர்கள். வந்த வடிவங்களை, எது எந்தக் காரணத்தின் தடம் என்று காட்டும் காஸ்மிக் தளத்தின் பட்டியலோடு ஒப்பிடுங்கள் (எஸ்பிஎஸ் என்றால் ஓரெழுத்து மாற்றம்): எஸ்பிஎஸ்1 வயது, 4 புகையிலை, 7 புற ஊதாக் கதிர்.

மெலனோமாவில் 7 தூக்கலாக வரும், சி டியாக மாறியிருக்கும். நாம் பார்த்த வி600இயோ டி ஏ ஆனது, வெயிலின் வழக்கமான வெட்டு அல்ல. ஆகவே மரத்தில் யார் அதிகம் வெட்டினார் என்று சொல்லலாம். மரத்தைச் சாய்த்த வெட்டும் அவருடையதுதான் என்று எழுதிவிடாதீர்கள்.

நோயாளி ஒருவருக்கு இருபது திரிபுதான் என்றால் 96 பெட்டியில் பெரும்பாலானவை வெறிச்சென்றிருக்கும். அவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பதை நான் விட்டுவிட்டேன்.