ஆயில் மாற்றிய பின் காலையில் மட்டும் கடகட சத்தம்

சர்வீஸ் முடிந்து வந்த கார், காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று வினாடி கடகடத்தது. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறியபோது சத்தமே இல்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு சரி. இரவு முழுக்க நின்றபின் மட்டும் சத்தம் என்றால் என் முதல் சந்தேகம் ஆயில் ஃபில்டர்தான்.

கழற்றிப் பார்த்தேன், மலிவு ரகம். நடுத்துளையைச் சுற்றியுள்ள சிறு துளைகளுக்குள் தெரியும் ரப்பர்தான் ஆயில் வடிந்துவிடாமல் பிடிக்கும் வால்வு. அது விறைத்துக் கிடந்தது. ஃபில்டர் காலியானால், பம்ப் அதை நிரப்பும் வரை மேலே எஞ்சின் வால்வுகளுக்கும் அவற்றை இயக்கும் டைமிங் செயினுக்கும் ஆயில் போகாது.

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரிஜினல் ஃபில்டர் கிடைத்தது. பழைய ஃபில்டரின் கேஸ்கெட் (ரப்பர் வளையம்) எஞ்சினில் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். இரண்டு சேர்ந்தால் ஆயில் கொட்டும். புதிய கேஸ்கெட்டில் ஆயில் தடவி, அது எஞ்சினைத் தொட்டபின் கையாலேயே முக்கால் சுற்று. ஸ்பேனர் வேண்டாம். சிந்திய அளவு ஆயில் ஊற்றினேன்; மறுநாள் காலை சத்தம் இல்லை.

எஞ்சின் சூடான பின்னும் கடகடத்தால் இது காரணமில்லை, காரை மேற்கொண்டு ஓட்டாமல் ஆயில் பிரஷரை கேஜ் வைத்துப் பாருங்கள்.